நாலு மணிக் கையெழுத்து

வன ஒதுக்ககத்தின் நுழைவாயிலில் இருந்த பெரிய புத்தகத்தில் எட்வின் கையெழுத்து வைத்தபோது நேரம் காலை ஏழு மணி பத்து நிமிஷம். அவன் பேருக்குக் கீழே கிருஷ்ணராஜ் தன் பேரை எழுதினான். தொழில் என்ற கட்டம் வந்ததும் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஃபெக்டரி என்று போடடா என்றான் எட்வின்.

"நா இன்னைக்கி சுற்றுலாப் பயணிடா. லீவு போட்டுட்டு மல பாக்க வாறவன் தேயில ஃபெக்டரியிலயா வேல செய்வான்?" என்று சொல்லிவிட்டு, கட்டத்தில் வியாபாரம் என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வன அதிகாரி சிரித்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்கள மனிதர். நிபந்தனைகளைச் சிங்களத்தில் ஒரு தடவை வாசித்தார். பிறகு உடைந்த தமிழில், விளங்கினதா என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார். வழிகாட்டி வேலை கேட்டு வந்திருப்பவர் வெளியாள் ஒருவரை மலை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே இருக்கிற காவற்காரரிடம் நேரம் எழுதிய துண்டு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். பாதையை விட்டு எங்கேயும் இறங்கக் கூடாது. மாலை நாலு மணிக்குள் இரண்டு பேரும் திரும்பி வந்து இதே புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

விண்ணப்பம் போட்டவர்கள் ஏழு பேர். எழுத்துப் பரீட்சையில் நாலு பேர் கழிந்துபோனார்கள். மிச்சம் மூன்று பேருக்கு இடம் இரண்டு. எழுத்துப் பரீட்சையில் எட்வினுக்குத்தான் கூடின புள்ளி. ஆகவே நாலு மணிக்குள் அந்தக் கையெழுத்தை வைத்துவிட்டால் வேலை அவனுடையது. இதை அதிகாரியே போன கிழமை தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

பதினொரு வருஷமாக எட்வின் விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருந்தான். தபால் கந்தோர், ஆசிரிய உதவியாளர், ஆஸ்பத்திரிச் சிற்றூழியர், பிரதேச சபை, வங்கிக் காவலாளி. ஒவ்வொன்றின் பிரதியையும் திகதி வாரியாக ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தான். சிலவற்றுக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. பலவற்றுக்கு அதுவும் வரவில்லை. அந்தப் பதினொரு வருஷமும் அவன் செய்த வேலை, பலாங்கொடைக்கு மேலே உள்ள தோட்டத்தில் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிப்பது. டாங்கி கசிந்து கசிந்து இடது தோள்பட்டைத் தோல் நிறம் மாறிப் போயிருந்தது. இந்த வேலை ஒன்றுதான் அவனிடம் ஏற்கெனவே இருந்தவற்றைக் கேட்டது: சிங்களம் பேசத் தெரிய வேண்டும், மலை ஏறத் தெரிய வேண்டும், மரங்களையும் பறவைகளையும் பேர் சொல்லிக் காட்டத் தெரிய வேண்டும். வயதெல்லை முப்பத்தைந்து. அவனுக்கு வருகிற ஒக்டோபர் பதினாலாம் திகதி முப்பத்தைந்து முடிகிறது.

கூட வருவதற்கு யாரைக் கேட்பது என்று அவன் யோசிக்கவேயில்லை. முதலாம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்த நாள் தொட்டு கிருஷ்ணராஜைத் தவிர வேறு யாரையும் அவன் எதற்கும் கேட்டதில்லை. வாறியா என்றான், வாறேன் என்றான் அவன். பேச்சு அதோடு முடிந்தது.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. எட்வின் முன்னால் நடந்தான். கிருஷ்ணராஜ் பின்னால் வந்து கேள்வி கேட்டான். கேள்வி கேட்பது பயணியின் உரிமையாம். ஒரு மரத்தைக் காட்டிப் பேர் கேட்டான். கீன மரம் என்று சொல்லி, அதன் பூ எந்த மாதம் பூக்கும் என்பதையும் எட்வின் ஒப்பித்தான். ஒரு குருவியைக் காட்டினான். அதற்கும் எட்வின் பேர் சொன்னான்.

"அதுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"கொப்பில தனியாத்தான் உக்காந்திருக்கு. நீயே போயிக் கேளு."

"பயணிகிட்ட இப்பிடிப் பேசுறதா? இரு, எறங்கி வந்து வாசல்ல இருக்கிற அந்த மஹத்தயாகிட்டச் சொல்லிக் குடுக்கிறேன், கைட்டுக்கு மரியாத பத்தாதுன்னு."

அட்டை கடிக்காமலிருக்க இரண்டு பேரும் முழங்கால் வரை சவுக்காரம் தேய்த்திருந்தார்கள். எட்வினின் கணக்கு இப்படி இருந்தது: உச்சிக்குப் பத்தே முக்கால், அங்கே அரை மணி நேரம், இறங்க இரண்டரை மணி நேரம், மெதுவாக நடந்தாலும் மூன்று மணிக்குள் கீழே. முந்தின இரண்டு மாதத்தில் தனியாக ஐந்து தடவை ஏறி இறங்கிப் போட்ட கணக்கு அது. தனியாக ஏறினான் என்பதுதான் அதில் இருந்த ஓட்டை.

எட்டே முக்காலுக்குக் கிருஷ்ணராஜ் முதல் தடவை நின்று இருமினான். எட்வின் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஃபெக்டரியில் தூள் சலிக்கிற அறையில் பதினாறு வருஷமாக நிற்கிறவன். அந்த அறையில் வேலை செய்கிற எல்லாரும்தான் இருமுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு நூறு அடிக்கு ஒரு தடவை என்று ஆனது. ஒன்பதரைக்குப் பிறகு கேள்விகளும் நின்றுபோயின. பத்து ஐம்பதுக்கு, எதிர்ப்பக்கமாக அப்ஹம் இறங்கி வந்தான். பலாங்கொடை டவுனில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். வேலைக்கு மிஞ்சிய மூன்று பேரில் அவனும் ஒருவன். அவனுக்குப் பின்னால் அவனுடைய மச்சான் ஹஸன், பாட்டுக் கேட்டுக்கொண்டு, வியர்வை கூட இல்லாமல் வந்தான். என்னண்ணே இன்னும் இங்கயா என்று அப்ஹம் கேட்டது நல்ல மனதோடுதான். மேலே பனிமூட்டம் வருகிற மாதிரி இருக்கிறது, சுறுக்காகப் போய் வாருங்கள் என்று சொல்லி, கிருஷ்ணராஜுக்கு இரண்டு இனிப்பும் கொடுத்துவிட்டுப் போனான்.

உச்சியை அடைந்தபோது பதினொன்று ஐம்பது. காவற்காரர் துண்டில் நேரத்தை எழுதிக் கொடுத்தார். கிருஷ்ணராஜ் புல்லில் மல்லாந்து விழுந்து வெகுநேரம் மூச்சு வாங்கினான். பிறகு எழுந்து, மலையின் விளிம்பில் போய் உட்கார்ந்தான். கீழே மடிப்பு மடிப்பாகத் தேயிலை. அதற்கு நடுவே அவர்களுடைய தோட்டம், லயத்து வீடுகள், கோவில், சேர்ச், ஃபெக்டரியின் தகரக் கூரை எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குகிற அளவில் கிடந்தன. கிருஷ்ணராஜ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை நீட்டி அந்தக் கூரையை மறைத்தான். எடுத்தான். மறுபடியும் மறைத்தான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை எட்வின் பார்த்து வருஷங்கள் இருக்கும்.

தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் தின்றார்கள். எட்வின் இரண்டு வாயில் முடித்துவிட்டு எழுந்து நின்றான். போவோம் என்றான். இன்னும் கொஞ்சம் என்றான் கிருஷ்ணராஜ். இன்னும் கொஞ்சம் அரை மணி நேரமானது. எட்வின் கடிகாரத்தைப் பார்த்தான். கிருஷ்ணராஜ் மலையைப் பார்த்தான்.

இறங்கத் தொடங்கி ஐந்தாவது வளைவில் பனிமூட்டம் வந்து சூழ்ந்தது. பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. இறக்கம் சுகமாக இருக்கும் என்று எட்வின் நினைத்திருந்தான். ஆனால் கிருஷ்ணராஜுக்கு இறக்கமும் ஏற்றமும் ஒன்றாகவே இருந்தது. அவனுடைய பையை எட்வின் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். கொஞ்ச தூரத்துக்குப் பிறகு அவன் கையையும் பிடித்துக்கொண்டான். உதடு கறுத்திருந்ததைக் கண்டான். கண்டும், இன்னும் எத்தனை மைல் என்றுதான் அவன் மனம் எண்ணியது.

இரண்டு முப்பத்தைந்துக்குப் பழைய டிவிசனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு காலத்தில் அதுவும் தேயிலைத் தோட்டம்தான். கைவிட்டு, காட்டுக்குக் கொடுத்த இடம். கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே மரமாகி, வெள்ளைப் பூவோடு நின்றன. இங்கிருந்து பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகும். நல்ல காலோடு நடந்தாலே ஒன்றேகால் மணி நேரம். கிருஷ்ணராஜின் நடைக்கு இரண்டரைக்குக் குறையாது. எட்வின் அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டான். திருப்பிப் போட்டான். எப்படிப் போட்டாலும் ஐந்தைத் தாண்டியது.

அப்போதுதான் காலடியில் கானைக் கண்டான்.

தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கான் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்க மலைச்சரிவில் குறுக்கே வெட்டிய வாய்க்கால்தான் அது. சின்னக் கான் எல்லாம் பெரிய கானில் போய் விழும்; பெரிய கான் நேரே கீழே இறங்கி ரோட்டு மதகில் போய் விழும். எந்தத் தோட்டமானாலும் இதுதான் ஒழுங்கு. கொழுந்து மலையில் பனிமூட்டம் மூடி வழி தெரியாமல் போனால், ஆறு வயதுப் பிள்ளை கூடக் கானுக்குள் இறங்கி நடந்து ரோட்டுக்கு வந்துவிடும். அவர்கள் இரண்டு பேருமே அப்படி எத்தனையோ தடவை வந்திருக்கிறார்கள். நுழைவாயில் இருப்பது கீழே உள்ள ரோட்டில்தான்.

"பாதைய விட்டு எறங்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல," என்றான் கிருஷ்ணராஜ்.

"கான் எங்கடா போகும்?"

"ரோட்டுக்கு."

"அப்பறம் என்னா?"

கான் ரோட்டுக்குப் போகும் என்பதில் கிருஷ்ணராஜுக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கையைக் கொடு என்று சொல்லி, எட்வினுக்கு முன்னால் அவனே கானுக்குள் காலை வைத்தான்.

சின்னக் கானில் பத்து நிமிஷம். பிறகு கல் பதித்த பெரிய கான். கல் இன்னும் அசையாமல் இருந்தது. யாரோ நன்றாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். எட்வினுக்கு உடம்பில் பலம் வந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய் நிற்கலாம். பாதையை விட்டதை யாரும் காணப் போவதில்லை. காலில் ஒட்டின சேற்றை மதகடியில் கழுவிவிடலாம். இப்படி ஒவ்வொன்றாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, கிருஷ்ணராஜைப் பாதி தூக்கியும் பாதி தள்ளியும் இறக்கினான். கீழே ஒரு லொறி கோர்ன் அடிக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு கான் இல்லை.

கல் பதித்த விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல முடிந்திருந்தது. அதற்கு அப்பால் வெறும் சிவப்பு மண், செங்குத்தாக, நூறு அடிக்குக் குறையாத பள்ளம். காற்றடித்துப் பனிமூட்டம் ஒரு நிமிஷம் விலகியது. பள்ளத்துக்குக் கீழே ரோடு தெரிந்தது. ரோட்டோரத்தில் நுழைவாயில் அறையின் ஓட்டுக் கூரை தெரிந்தது. கல்லெடுத்து எறிந்தால் விழும்போல இருந்தது. நேரம் மூன்று மணி ஐந்து நிமிஷம்.

எட்வின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். இந்த டிவிசனை ஏன் கைவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். எழுத்துப் பரீட்சையில் பதினேழாம் கேள்வியே அதுதான். மண்சரிவினால் டிவிசனின் கீழ்ப்பகுதி முழுவதும் அழிந்தது என்று அழகான கையெழுத்தில் எழுதி, ஐந்துக்கு ஐந்து புள்ளியும் வாங்கியிருந்தான். எழுதியது கை. இறங்கியது கால். காலுக்குக் கானைத்தான் தெரியும்.

திரும்பி மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. இறங்க இருபத்தைந்து நிமிஷம் எடுத்த தூரம். பாதித் தூரத்தில் கிருஷ்ணராஜ் கான் கல்லிலேயே சரிந்து உட்கார்ந்தான். மூச்சு விசில் அடித்தது. எட்வின் தேயிலைச் சாயத்தண்ணிப் போத்தலைக் கொடுத்தான். குடித்ததை அவன் அப்படியே வெளியே துப்பினான். நீ போ, போய்க் கையெழுத்து வை, பிறகு ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று கையால் காட்டினான். எட்வின் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபத்திரண்டு. தனியாக ஓடினால் நாலேகாலுக்காவது போகலாம். நாலேகாலுக்குப் போய் என்ன சொல்வது? பயணி எங்கே என்று கேட்டால்? அதற்கும் ஒரு பதிலை அவன் மனம் தேடியது. தேடியது தெரிந்ததும் அவனுக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது. ஆனால் தேடுவதை நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்கடா," என்றான் கிருஷ்ணராஜ். "சித்திரையிலயே. நெஞ்சுல பாதிக்கு மேல வேல செய்யல. படி ஏறக்கூடப் பாத்து ஏறுன்னாங்க."

எட்வின் போத்தல் மூடியைத் திருகி மூடினான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வேற ஆளக் கூட்டிட்டுப் போயிருப்ப."

"ஆமா. போயிருப்பேன்."

"அதான்."

பிறகு தலையைக் குனிந்தபடியே இன்னும் ஒன்று சொன்னான்.

"ஒரு தடவ மேல நின்னு பாக்கணும்னு இருந்துச்சுடா. நீ கூப்புட்டப்ப, ஏறிருவேன்னுதான் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்."

எட்வினுக்கு எத்தனையோ பதில் வந்தது. உனக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதற்காக என் பதினொரு வருஷமா என்று கேட்கலாம். அவன் இருமலைப் பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெரியாமலா போனது என்று தன்னையே கேட்கலாம். இரண்டாவது கேள்வி முதலாவதை விட மோசமாக இருந்தது. நாலு மணி ஆகும்போது அவர்கள் கானுக்குள்ளேயேதான் இருந்தார்கள். எட்வின் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். அதற்குப் பிறகு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. கிருஷ்ணராஜை முதுகில் ஏற்றிக்கொண்டு பாதை வரைக்கும் ஏறினான். பாதையில் கொஞ்சம் நடத்தினான், கொஞ்சம் சுமந்தான். டாங்கியை விட அவன் கனமாகத் தெரியவில்லை.

நுழைவாயிலில் அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும் டோர்ச் லைட்டோடு தேடப் புறப்பட்டு நின்றார்கள். கிருஷ்ணராஜைக் கதிரையில் இருத்தி, முதுகைத் தடவி, வெந்நீர் கொடுத்தார்கள். மூச்சு ஓரளவு அடங்கியது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பிறகு அதிகாரி புத்தகத்தைத் திருப்பி வைத்தார். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். நேரம் என்ற கட்டத்தில் அவரே எழுதினார்: ஐந்து ஐம்பத்திரண்டு.

பாதையிலேயேதான் வந்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். இடுப்பு வரை அப்பியிருந்த சிவப்பு மண்ணை அவர் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். ஆம் என்று சொன்னால் அப்படியே எழுதியிருப்பார் போலத்தான் இருந்தது. ஆனால் ஆம் என்று சொல்லி இனி ஆகப் போவது ஒன்றுமில்லை. இல்லை, கான் வழியாக இறங்கினோம் என்று எட்வின் சொன்னான். அவர் மண்ணை அப்போதுதான் பார்த்தார்.

"அடுத்த தடவ வாங்க மல்லி," என்றார், தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, தமிழில். "உங்க சோதன புள்ளி ரொம்ப நல்லது. ரெண்டு வருசத்துல திரும்ப கூப்பிடும்."

எட்வின் ஒக்டோபர் பதினாலைச் சொன்னான். அதிகாரி விண்ணப்பக் கோப்பைத் திறந்து பிறந்த திகதியைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடினார். சரி என்பதற்கு ஹரி என்று மட்டும் சொன்னார். மேசையைச் சுற்றி வந்து அவன் தோளில் கையை வைத்தார், இடது தோளில்.

மேலே போகிற கடைசி பஸ் ஆறரைக்கு. ரோட்டோரத்தில் நின்றார்கள். தோட்டத்திலிருந்து கங்காணி தொலைபேசியில் கூப்பிட்டார். திங்கட்கிழமை ஆறாம் நம்பர் மலையில் மருந்தடிப்பு, ஆள் பத்தாது, வருவாயா என்று கேட்டார். வாறேன் என்றான் எட்வின். மற்றது என்ன ஆனது, வேலை கிடைத்ததா என்று கங்காணி கேட்கவில்லை. கேட்காததற்கு எட்வினுக்கு அவர் மேல் நன்றியாக இருந்தது.

"மன்னிச்சுக்கடா," என்றான் கிருஷ்ணராஜ்.

"பேசாத. பேசினா மூச்சு வாங்கும்."

பஸ்ஸில் கூட்டம் இல்லை. எட்வின் முதலில் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தான். தோளில் இருந்த இரண்டு பைகளையும் கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் ஏறி வந்த கிருஷ்ணராஜ் அந்த இருக்கைக்கு அருகில் வந்து நின்றான். பைகளைப் பார்த்தான். எட்வினைப் பார்த்தான். பிறகு இரண்டு வரிசை முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தான்.

எட்வின் அதைக் கவனித்தபோது பஸ் மூன்று வளைவு தாண்டியிருந்தது. வேண்டுமென்று வைக்கவில்லை என்று போய்ச் சொல்லலாம். ஆனால் அது உண்மைதானா என்று அவனுக்கே நிச்சயமில்லை. முன்னால் கிருஷ்ணராஜின் முதுகு ஒவ்வொரு இருமலுக்கும் குலுங்கியது. பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாடா இங்கே என்று கூப்பிட இரண்டு சொல் போதும். கூப்பிட்டால் அவன் வந்துவிடுவான் என்பதும் தெரியும். தோட்டத்துச் சந்தி வரும்வரை பைகள் அந்த இருக்கையிலேயே இருந்தன.